டோல், டைசர், ஜாக்-ஸ்டாட்: பூச்சியை வளர்க்கும் மரபணுவே வைரஸையும் எதிர்ப்பது எப்படி?

கேள்வி இது: "பழ ஈயில் டோல் மரபணு பழுதானால் கருவே உருக்குலைந்துவிடும் என்கிறார்கள். அதே டோல்தான் நோய் எதிர்ப்புக்கும் தேவை என்கிறார்கள். ஒரே மரபணு இரண்டு வேலையை எப்படிப் பார்க்கிறது? வைரஸ் எதிர்ப்பில் அதற்கு எவ்வளவு பங்கு? வைரஸ் கொடுத்த ஈ செத்தால், எதிர்ப்பு குறைந்ததால் செத்ததா, வளர்ச்சிக் குறையால் செத்ததா என்று சோதனையில் எப்படிப் பிரிப்பது?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. பூச்சிகளில் இதற்கு இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்றில், ஒரே சமிக்ஞைப் பாதையை வளர்ச்சியும் எதிர்ப்பும் பங்குபோட்டுக்கொள்கின்றன. டோலும், செல்லுக்கு வெளியிலிருந்து வரும் செய்தியை உட்கருவுக்குக் கடத்தும் ஜாக்-ஸ்டாட் பாதையும் இந்த வகை. இன்னொன்றில், மரபணு என்றோ இரட்டித்து, ஒரு பிரதி வளர்ச்சிக்கும் மறு பிரதி வைரஸுக்குமாகப் பிரிந்துவிட்டது; ஆர்என்ஏவை நறுக்கும் நொதிகளான டைசர்-1, டைசர்-2 இந்த வகை. நீங்கள் பார்க்கும் மரபணு எந்த வகை என்பதைப் பொறுத்தே சோதனை முறையும் அமையும்.

டோலிலிருந்து தொடங்குவோம். இது செல்லின் பரப்பில் நின்று வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் ஏற்பி. பழ ஈயின் முட்டை தாயின் வயிற்றுக்குள் உருவாகும்போதே, அதைச் சூழ்ந்துள்ள செல்களில் வயிற்றுப் பக்கத்தில் இருப்பவை மட்டும் பைப் என்ற நொதியை உண்டாக்குகின்றன. முட்டையின் உள்ளுறையில் சல்ஃபேட்டை ஏற்றி, "இது வயிற்றுப் பக்கம்" என்று அடையாளம் வைப்பது அதன் வேலை. முட்டை இடப்பட்ட பிறகு, உள்ளுறைக்கும் கருவுக்கும் இடையே உள்ள மெல்லிய திரவத்தில் புரதம் வெட்டும் நொதிகள் சங்கிலியாக ஒன்றையொன்று முடுக்குகின்றன. அந்த வரிசையின் கடைசியில் வருபவை ஸ்நேக், ஈஸ்டர். ஈஸ்டர், ஸ்பாட்ஸ்லே என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டப்பட்ட ஸ்பாட்ஸ்லேதான் டோல் ஏற்பியில் போய் ஒட்டும். டோல் கருவின் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கிறது. ஆனால் வெட்டப்பட்ட ஸ்பாட்ஸ்லே வயிற்றுப் பக்கத்தில் மட்டுமே கிடைக்கிறது. இடம் குறிப்பது ஏற்பி அல்ல, அதற்கு வரும் செய்தி.

உள்ளே மைடி88, டியூப், பெல் ஆகியவை செய்தியைக் கைமாற்றுகின்றன. டார்சல் என்ற புரதத்தைப் பிடித்துவைத்திருக்கும் காக்டஸ் சிதைகிறது. விடுபட்ட டார்சல் உட்கருவுக்குள் நுழைகிறது. ஏறக்குறைய 3 மணி நேரக் கருவைக் குறுக்காக வெட்டி, டார்சலுக்கு நிறமேற்றிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். விளிம்பைச் சுற்றி உட்கருக்கள் மணிமாலைபோல் வரிசையாக இருக்கும். அடிப்பக்க மணிகள் அடர்ந்த நிறத்தில் இருக்கும். பக்கவாட்டில் போகப்போக வெளிறும். மேலே உள்ள மணிகள் வெறுமையாக, சுற்றியுள்ள திரவம் மட்டும் நிறமேறியிருக்கும். டார்சல் மிகுந்த இடத்தில் ட்விஸ்ட், ஸ்நெய்ல் மரபணுக்கள் இயங்கித் தசைக்கான செல்கள் உருவாகும். நடுத்தர அளவில் இருக்கும் இடத்தில் நரம்புக்கான செல்கள். டார்சல் இல்லாத மேற்பக்கத்தில் டிபிபி, ஸென் ஆகியவை தடையின்றி இயங்கி முதுகு உருவாகும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டார்சல் என்றால் முதுகு. ஆனால் அந்தப் புரதத்தின் வேலை வயிற்றை உருவாக்குவது. அது பழுதானால் கரு முழுவதும் முதுகாகவே போய்விடும் என்பதால் அந்தப் பெயர் வந்தது. பழ ஈ மரபணுக்களின் பெயர்கள் பெரும்பாலும் பழுதின் விளைவைச் சொல்பவை, வேலையைச் சொல்பவை அல்ல.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது, இந்தச் சரக்கு முழுவதும் தாய் முட்டைக்குள் வைத்து அனுப்புவது. கருவின் சொந்த மரபணு எப்படி இருந்தாலும் முதுகு-வயிறு அச்சு உருவாவதற்குப் பொருட்டில்லை. ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் உள்ள தாய்க்குப் பிறந்த ஈ, இரண்டு பிரதியும் பழுதாக இருந்தாலும் முதிர் ஈயாக வளர முடியும். அந்த ஈ இடும் முட்டைகள்தான் உருப்படாது. இந்த இடைவெளிதான் எதிர்ப்பாற்றலைச் சோதிக்க வழி கொடுத்தது. கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈயின் கருவளர்ச்சி மரபணுக்களைத் தேடிய பணிக்கு 1995இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1996இல், ஸ்ட்ராஸ்பர்கில் புருனோ லெமெத்ரும் ஜூல் ஹாஃப்மனும் குழுவினரும் அதே ஸ்பாட்ஸ்லே-டோல்-காக்டஸ் வரிசை முதிர் ஈயைப் பூஞ்சையிலிருந்து காக்கிறது என்று காட்டினார்கள். வரிசை பழுதான ஈக்களில் ட்ரோசோமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிப் புரதம் போதிய அளவு உருவாகவில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அவற்றைக் கொன்று, உடலின் மேல் இழைகளாகப் படர்ந்தது. ஹாஃப்மனுக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தப் பணி அடித்தளம்.

அப்படியானால் இரண்டு வேலைகளும் ஏன் குழம்பிக்கொள்வதில்லை? வரிசையின் நடுப்பகுதி பொது. இரண்டு முனைகளும் வேறு. முதிர் ஈயில் பாக்டீரியாவின் சுவர்த் துண்டுகளையும் பூஞ்சையின் சுவர்த் துண்டுகளையும் இரத்தத்தில் மிதக்கும் பிஜிஆர்பி-எஸ்ஏ, ஜிஎன்பிபி வகைப் புரதங்கள் அடையாளம் காண்கின்றன. ஸ்பாட்ஸ்லேயை அங்கே வெட்டுவது ஈஸ்டர் அல்ல, எஸ்பிஇ என்ற வேறு நொதி. மறு முனையிலும் முதிர் ஈயின் கொழுப்புடலத்தில் (நம் கல்லீரலைப் போன்ற உறுப்பு) பெரும்பாலான வேலையை டார்சலுக்குப் பதில் அதன் உடன்பிறப்பான டிஃப் பார்க்கிறது. எனவே ஈஸ்டரோ பைப்போ பழுதாவதால் முதிர் ஈயின் பூஞ்சை எதிர்ப்புக் கெட வேண்டியதில்லை. டிஃப் பழுதாவதால் கருவின் அச்சும் கெடாது. நடுவில் உள்ள ஸ்பாட்ஸ்லே, டோல், காக்டஸ் பழுதானால் இரண்டும் கெடும். பழ ஈயின் டோல் கிருமியை நேரடியாகத் தொட்டு அறிவதில்லை, ஸ்பாட்ஸ்லேயைத்தான் அறிகிறது என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். பாலூட்டிகளின் டோல்-வகை ஏற்பிகளை நினைத்துக்கொண்டு படிப்பவர்கள் இங்கே தவறுகிறார்கள்.

இந்த வரிசை ஓயாமல் இயங்கினாலும் கேடுதான். டோல்-10பி என்ற பிறழ்வில் ஏற்பி செய்தி வராமலே இயங்கும். அந்தத் தாயின் கருக்கள் வயிறாகவே போகும். புழுக்களின் உடலுக்குள் கறுத்த மெலனின் கட்டிகள் தோன்றும். கொழுப்புடலத்தில் டோல் இயங்கும்போது அங்கே இன்சுலின் சமிக்ஞை தணிகிறது. புழுவின் வளர்ச்சி குன்றுகிறது, கொழுப்புச் சேமிப்பு குறைகிறது. எதிர்ப்புக்கான செலவு வளர்ச்சியின் கணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

பழ ஈயில் டோல் குடும்பத்தில் 9 மரபணுக்கள். அவற்றில் டோல்-2, டோல்-6, டோல்-8 ஆகியவை கருவில் பட்டைபட்டையாக இயங்கி, கரு நீளும்போது எந்தச் செல் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று வழிகாட்டுவது 2014இல் தெரியவந்தது. டோல்-6, டோல்-7 நரம்பு செல்களின் பிழைப்புக்கு உதவுகின்றன. அதே டோல்-7, விஎஸ்வி என்ற வைரஸைச் செல்லின் பரப்பில் உணர்ந்து, செல் தன் உள்ளடக்கத்தைத் தானே செரிக்கும் தன்விழுங்கலை முடுக்கிவிடுவதாக 2012இல் காட்டப்பட்டது. இத்தனையும் பார்த்த பிறகு "நோய் எதிர்ப்பு மரபணு" என்ற பெயரே பாதிதான் பொருந்துகிறது என்பது என் கருத்து. முதலில் எந்த வேலையில் கண்டுபிடித்தோமோ அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

இனி வைரஸ். இங்கே டோலின் பங்கை மிகைப்படுத்தக் கூடாது. வைரஸ் எது, எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். பழ ஈயைத் தாக்கும் டிரோசோஃபிலா சி வைரஸை உணவில் கொடுத்தால் எதிர்ப்புக்கு டோலும் டார்சலும் தேவைப்படுகின்றன. ஊசியால் நேரே உடலுக்குள் செலுத்தும்போது அந்தத் தேவை அப்படியே வெளிப்படுவதில்லை. ஏடிஸ் எஜிப்டி கொசுவில் காக்டஸை அடக்கினால் டெங்கு வைரஸ் குறைகிறது. மைடி88-ஐ அடக்கினால் கூடுகிறது. இது 2008இல் வெளியானது. ஆக டோல் ஒரு துணைப்படை. வைரஸ் எதிர்ப்பின் முதன்மைச் சுமை ஆர்என்ஏ இடையீட்டின் மேல்தான்.

அது இயங்கும் விதம் இப்படி. ஆர்என்ஏ வைரஸ் தன்னைப் பெருக்கும்போது இடையில் இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகும். பூச்சியின் செல்லில் நீண்ட இரட்டை இழை இயல்பாக அதிகம் இருப்பதில்லை. அதனால் அதுவே எச்சரிக்கை. டைசர்-2 அதை 21 நியூக்ளியோடைடு நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்2டி2 என்ற புரதத்தின் துணையோடு துண்டு, ஆர்என்ஏவை வெட்டும் ஆர்கனாட்-2 புரதத்தில் ஏற்றப்படுகிறது. ஒரு இழை கழிக்கப்படும். மற்ற இழை வழிகாட்டியாக நின்று, தனக்குப் பொருந்தும் வைரஸ் ஆர்என்ஏவை வெட்டவைக்கும். வைரஸ்கள் சும்மா இருப்பதில்லை. ஃப்ளாக் ஹவுஸ் வைரஸின் பி2 புரதம் இரட்டை இழையை மூடிக்கொண்டு டைசர்-2ஐ அண்டவிடாது. டிரோசோஃபிலா சி வைரஸின் 1ஏ புரதமும் நீண்ட இரட்டை இழையைப் பிடித்துக்கொள்ளும். கிரிக்கெட் பூச்சியை முடமாக்கும் வைரஸின் 1ஏ புரதமோ நேராக ஆர்கனாட்-2ஐயே முடக்கும்.

வளர்ச்சிக்கான இணை இயந்திரம் டைசர்-1, ஆர்கனாட்-1. இவை பூச்சியின் சொந்த மரபணுக்களிலிருந்து வரும் நுண் ஆர்என்ஏக்களைக் கையாள்கின்றன. பான்டம் என்ற நுண் ஆர்என்ஏ, செல்லைச் சாகடிக்கும் ஹிட் மரபணுவை அடக்கித் திசு வளர உதவுவது நல்ல எடுத்துக்காட்டு. டைசர்-1 அடியோடு இல்லாவிட்டால் ஈ பிழைக்காது. டைசர்-2 இல்லாத ஈ பிழைக்கும், முட்டையிடும், பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும்; வைரஸைச் செலுத்தினால்தான் குறை தெரியும். பரிணாமத்திலும் இந்த வேறுபாடு பதிந்திருக்கிறது. டைசர்-2, ஆர்2டி2, ஆர்கனாட்-2 மூன்றும் பழ ஈ மரபணுக்களிலேயே மிக வேகமாக மாறிவருபவற்றில் சேரும். வளர்ச்சிப் பொறுப்பு இல்லாததால், வைரஸின் ஒவ்வொரு தந்திரத்துக்கும் ஏற்ப மாற அவற்றுக்கு இடம் இருக்கிறது. டைசர்-1க்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

ஜாக்-ஸ்டாட் மறுபடியும் பங்குபோடும் வகை. இந்தப் பாதையின் "ஜாக்" பழ ஈயில் ஹாப்ஸ்காட்ச் என்ற நொதி. தாயிடமிருந்து அது வராத கருவில் உடலின் சில கண்டங்கள் (வளையம் வளையமான பகுதிகள்), குறிப்பாக ஐந்தாம் வயிற்றுக் கண்டம், சரியாக உருவாகாது. அதே நொதி அளவுக்கு மீறி இயங்கும் பிறழ்வில் புழுவின் இரத்த அணுக்கள் பெருகிக் கறுத்த கட்டிகளாகும். முதிர் ஈயில் ஹாப்ஸ்காட்ச் குறைந்தால் டிரோசோஃபிலா சி வைரஸின் அளவு கூடுகிறது. இதில் டைசர்-2க்கு ஒரு இரண்டாவது வேலையும் வந்து சேர்கிறது: வைரஸை நறுக்குவதோடு, வாகோ என்ற புரதத்தைத் தூண்டவும் அது தேவை. குலெக்ஸ் கொசுவின் செல்களில் வாகோ வெளியேறி, அண்டை செல்களில் ஜாக்-ஸ்டாட்டை எழுப்பி மேற்கு நைல் வைரஸைக் கட்டுப்படுத்துகிறது. ஸ்டிங் என்ற இன்னொரு எதிர்ப்புப் பாதையும் பூச்சிகளில் உண்டு. பழ ஈயில் அது, டார்சலின் உறவுப் புரதமான ரெலிஷ் வழியாக வைரஸ் எதிர்ப்பு மரபணுக்களை இயக்குகிறது.

எதிர்த்திசையிலும் பாருங்கள்: வைரஸும் பூச்சியின் வளர்ச்சியைக் கைப்பற்றும். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனப் புழுக்களைத் தாக்கும் பாகுலோவைரஸ்களில் ஈஜிடி என்ற மரபணு இருக்கிறது. தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் ஹார்மோனில் ஒரு சர்க்கரையை ஒட்டி அதைச் செயலற்றதாக்கும் நொதி அது. புழு தோலுரிக்காமல், கூடு கட்டாமல் தின்றுகொண்டே இருக்கும். வைரஸுக்குப் பெரிய உடல் கிடைக்கும். ஈஜிடி நீக்கிய வைரஸ் தொற்றிய புழுக்கள் முன்னதாகவே இறக்கின்றன. அதே வைரஸ்களின் பி35 புரதம் செல் தற்கொலையைத் தடுக்கிறது. ரீப்பர், ஹிட் மரபணுக்கள் உருமாற்றத்தின்போது வேண்டாத திசுவைக் கழிக்கப் பயன்படுத்தும் அதே தற்கொலை இயந்திரந்தான், தொற்றிய செல்லைப் பலிகொடுத்து வைரஸ் பரவலை நிறுத்தவும் பயன்படுகிறது. பி35 அதைக் குறிவைப்பதில் வியப்பில்லை. கருவளர்ச்சி ஆய்வாளர்களும் செல் சாவைத் தடுக்க இந்த பி35ஐத்தான் கடன் வாங்குகிறார்கள்.

இனி சோதனை. மேலே சொன்ன இரட்டைப் பிரதி வகை என்றால் அழிவுப் பிறழ்வுள்ள (அந்த மரபணு அடியோடு செயலிழந்த) ஈயையே நேரடியாகப் பயன்படுத்தலாம். பங்குபோடும் வகை என்றால் வளர்ச்சி முழுவதும் மரபணு இயங்க வேண்டும், முதிர்ந்த பிறகே அணைய வேண்டும். இதற்கு கேல்4-கேல்80 வெப்ப ஏற்பாடு நம்பகமானது: கேல்4, மரபணுவை அடக்கும் ஆர்என்ஏவை உருவாக்கவைக்கும்; கேல்80 குளிரில் மட்டும் கேல்4ஐத் தடுக்கும். ஈக்களை 18 டிகிரியில் வளருங்கள்; கேல்80 தடையாக இருக்கும், அடக்கும் ஆர்என்ஏ உருவாகாது. கூட்டிலிருந்து வெளிவந்த பிறகு 29 டிகிரிக்கு மாற்றி 5 நாள் வையுங்கள், தடை விலகும். ஒப்பீட்டு ஈக்களும் அதே 18, அதே 29 டிகிரியைக் கடந்திருக்க வேண்டும். வெப்பமே ஈயின் ஆயுளையும் வைரஸின் வேகத்தையும் மாற்றுவதால், 25 டிகிரியில் வைத்த ஈக்களோடு ஒப்பிட்டால் முடிவு செல்லாது.

முழுப் பிறழ்வைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்றால், முதலில் பிறப்பு விகிதத்தை எண்ணுங்கள். பழுதான பிரதியை ஒரு சமநிலைக் குரோமோசோமோடு (இரண்டு பிரதியும் இதுவாக இருந்தால் ஈ பிழைக்காது) வைத்த பெற்றோரைக் கலந்தால், வெளிவரும் ஈக்களில் மூன்றில் ஒரு பங்கு இரு பிரதியும் பழுதானவையாக இருக்க வேண்டும். பத்தில் ஒன்றுதான் வருகிறது என்றால் பெரும்பாலானவை வளர்ச்சியிலேயே செத்துவிட்டன. கையில் இருப்பவை தப்பிப் பிழைத்த நலிந்தவை. அவை வைரஸில் சீக்கிரம் சாவது எதிர்ப்புக் குறைவுக்குச் சான்று ஆகாது. இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். பல மரபணுக்கள் அணுக்களின் பிறப்பைக் கெடுத்து, அதன் வழியாக மட்டும் எதிர்ப்பைக் கெடுக்கும்.

ஊசி: 3 முதல் 5 நாள் வயதான ஈக்கள் (வெப்ப ஏற்பாடு என்றால் 29 டிகிரியில் 5 நாள் முடித்தவை), ஒரே பாலினம், குப்பிக்கு 20 வீதம் குறைந்தது 3 குப்பிகள். கண்ணாடி ஊசியால் மார்பின் பக்கவாட்டில் 4.6 நானோலிட்டர். இன்னொரு தொகுதிக்கு, வைரஸைக் கலக்கப் பயன்படுத்திய அதே டிரிஸ் கரைசலை வைரஸ் இல்லாமல் செலுத்துங்கள். முதல் 24 மணி நேரத்தில் சாவன பெரும்பாலும் காயத்தால் சாவன, கணக்கில் சேர்க்காதீர்கள். சாவை மட்டும் எண்ணுவது போதாது. 24, 48, 72 மணி நேரங்களில் வைரஸ் ஆர்என்ஏவின் அளவையும் எடுங்கள். சாவு கூடி வைரஸ் அளவு மாறாமல் இருந்தால், வைரஸைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் கெடவில்லை. அதைத் தாங்கும் ஆற்றல் கெட்டிருக்கிறது. வளர்ச்சி, வளர்சிதை மாற்றக் குறைகள் பல இந்த வடிவில்தான் வெளிப்படும்.

மறைந்து நின்று முடிவைக் கெடுப்பவை மூன்று. முதலாவது வோல்பாகியா. இந்த பாக்டீரியா ஈயின் செல்லுக்குள் இருந்தாலே பல ஆர்என்ஏ வைரஸ்கள் அடங்கும். மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் டெட்ராசைக்ளின் கலந்த உணவில் இரண்டு தலைமுறை வளர்த்து, பிறகு மருந்தில்லாமல் சில தலைமுறை விட்டு, பிசிஆரில் உறுதிசெய்யுங்கள். இரண்டாவது, ஏற்கெனவே குடியிருக்கும் வைரஸ். நோரா வைரஸ் போல மலம் வழியாகப் பரவுபவை, முட்டைகளைப் பாதியாக நீர்த்த பிளீச்சில் இரண்டு மூன்று நிமிடம் கழுவினால் நீங்கும். சிக்மா வைரஸ் முட்டைக்குள்ளேயே கடத்தப்படுவதால் கழுவினால் போகாது. அந்த ஈக்கள் கார்பன் டை ஆக்சைடு மயக்கத்திலிருந்து எழாமல் முடங்குவதே அடையாளம். மூன்றாவது பாஸ்ட்ரல் மரபணு. டிரோசோஃபிலா சி வைரஸுக்கு எதிர்ப்பு, இதன் எந்த வடிவம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறும். பிறழ்வுள்ள ஈயும் ஒப்பீட்டு ஈயும் வெவ்வேறு பாஸ்ட்ரல் வடிவங்களைச் சுமந்தால், நீங்கள் அளப்பது உங்கள் மரபணுவின் விளைவை அல்ல.

இன்னும் ஒரு குழி. அடக்கும் ஆர்என்ஏ நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று டைசர்-2ஐக் கூடுதலாக ஓடவிடுவது கருவளர்ச்சி ஆய்வில் வழக்கம். வைரஸ் ஆய்வில் அதைச் செய்தால் வைரஸ் எதிர்ப்பு இயந்திரத்தையே நீங்கள் கூட்டிவிடுகிறீர்கள். செய்யத்தான் வேண்டும் என்றால் ஒப்பீட்டு ஈக்களிலும் அதே அளவு டைசர்-2 ஓட வேண்டும். கொசுவில் இரட்டை இழையை ஊசியால் செலுத்தும்போதும் இதே கவனம் தேவை: வெறும் கரைசல் ஒப்பீடாகாது, ஜிஎஃப்பி (ஒளிரும் புரதம்) போன்ற தொடர்பில்லாத மரபணுவின் இரட்டை இழையை அதே நீளத்தில், அதே அளவில் செலுத்த வேண்டும். அந்துப்பூச்சி இனங்களில் இரட்டை இழை உடலுக்குள்ளேயே சிதைந்துபோவது சகஜம் என்பதால், மரபணு உண்மையில் அடங்கியதா என்று அளக்காமல் "விளைவு இல்லை" என்று எழுதக் கூடாது.

பழ ஈயில் கண்டதைக் கொசுவுக்கு அப்படியே பொருத்துவதிலும் ஆபத்து உண்டு. பழ ஈயில் பிவி வகை எனப்படும் சிறு ஆர்என்ஏக்கள் முக்கியமாக இனப்பெருக்க உறுப்பில் தாவும் மரபணுக்களை அடக்குபவை. ஏடிஸில் இதே இயந்திரம் உடலின் மற்றத் திசுக்களிலும் இயங்கி, வைரஸ் ஆர்என்ஏவிலிருந்தும் துண்டுகளை உண்டாக்குகிறது. செல் வளர்ப்பிலும் இப்படித்தான். கொசு வைரஸ்களைப் பெருக்கப் பரவலாகப் பயன்படும் சி6/36 செல்களில் டைசர்-2 பழுதானது. வைரஸ் அங்கே நன்றாகப் பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் செல்களை வைத்துக்கொண்டு ஆர்என்ஏ இடையீட்டைப் பற்றி எதையும் முடிவுசெய்ய முடியாது. ஏடிஸ் கொசுவின் ஏஏஜி2 செல்களுக்கு மாறுங்கள். ஏஏஜி2விலும் பூச்சி வைரஸ்கள் நிரந்தரமாகக் குடியிருப்பது தெரிந்த விஷயம் என்பதால், சோதனை தொடங்கும் முன் தொற்றாத செல்களின் சிறு ஆர்என்ஏக்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்து, 21 நியூக்ளியோடைடு துண்டுகள் எந்தெந்த வைரஸிலிருந்து வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.